ஓட்டையை ரியூன் பண்ணிய இரண்டு வருடம்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனருக்கு என்னைவிட மூன்று வயது கூட. 1965ஆம் ஆண்டு வண்டி. 1098 சிசி எஞ்சின், அதில் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்க ஒற்றை எஸ்.யு. காபரேற்றர், எச்.எஸ்.2 வகை. அப்பா பாவித்த வண்டியாக வாங்கி யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்களோடுதான் நிற்கிறது. அப்பா போய்விட்டார், கார் ஓடுகிறது. இடையில் ஒரு இரண்டு வருடம் மட்டும் ‘ஓடுகிறது’ என்று சொல்ல எனக்கே வாய் கூசியது.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்த காலம் நினைவிருக்கும். பெற்றோலைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதைக் கொண்டுபோய் மைனருக்கு ஊற்ற மனம் வராமல் கொட்டிலில் விட்டு மூடிவிட்டேன். ஏழு மாதம் கழித்துத் திறந்தால், காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறை வற்றி அடியில் வேப்பம் பிசின் மாதிரி மஞ்சளாக ஒட்டியிருந்தது. சரி, அழுக்குத்தானே என்று கழற்றிக் கழுவிப் பூட்டினேன். ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஸ்லோவில், அதாவது அக்சிலறேற்றரை மிதிக்காமல் விட்டால், நிலைக்கவில்லை. எஞ்சின் ஏறும், இறங்கும், ஒரு தரம் இருமும், நின்றுவிடும். கொக்குவில் சந்தியில் நின்றால் பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கிற அளவுக்கு.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பெற்றோல் வரும் துளையான ஜெற்றுக்குக் கீழே இருக்கும் அறுகோண நட்டைக் கொஞ்சம் கீழிறக்கினேன். அதாவது கலவையில் பெற்றோலைக் கூட்டினேன். ஸ்லோ சீரானது. இரண்டு கிழமையில் பழையபடி. மறுபடி அரைச் சுற்று. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி. லீற்றருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர் ஓடிய கார் எட்டுக்கு வந்துவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் ரிப்பேர் கிட் ஒன்று வாங்கினேன். அதில் வந்த, பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் ஊசியில் வகையைக் காட்டும் எந்த எழுத்தும் பொறித்திருக்கவில்லை. அதையும் போட்டேன், நிலைமை இன்னும் மோசம். பழைய ஊசியை எறியாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

கடைசியில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி கடைச்சல் (லேத்) பட்டறை வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன். எழுபது தாண்டியவர். பொனற்றைத் திறந்து ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் காது கொடுத்தார். “வீட்டில தையல் மெசின் எண்ணெய் இருக்கோ?” என்றார். இருந்தது. மனைவியின் மெசின் லாச்சியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

காபரேற்றரின் வாயை அடைத்துத் திறக்கும் வட்டத் தகட்டைத் தாங்கி ஒரு தண்டு குறுக்காகப் போகிறது. அக்சிலறேற்றரை மிதிக்கும்போது திரும்புவது அந்தத் தண்டுதான். அது உடலிலிருந்து வெளியே வரும் இடத்தில் அவர் எண்ணெயை ஒரு துளி விட்டார். அந்தத் துளி அங்கே நிற்கவில்லை. ஸ்ட்ரோவில் இளநீரின் கடைசி வாய் உறிஞ்சுவது போல ‘சர்’ என்று உள்ளே போனது. அதே கணத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. இருமல் நின்று ஒரு சீராக, அப்பா காலத்துச் சத்தமாக, ஆறேழு விநாடி ஓடியது. எண்ணெய் முடிய மறுபடியும் இருமல்.

“தம்பி, நீர் இவ்வளவு நாளும் ஓட்டையைத்தான் ரியூன் பண்ணியிருக்கிறீர்” என்றார்.

அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. எஸ்.யு. காபரேற்றரில் ஜெற் ஒன்றுதான். மேலே கிண்ணியைக் கவிழ்த்தது போன்ற அறைக்குள் ஒரு பிஸ்டன் காற்றின் இழுவைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசி ஜெற்றுக்குள் போய்வரும். காற்று எவ்வளவு போகிறதோ பிஸ்டன் அவ்வளவு ஏறும், ஊசி அவ்வளவு விலகும், பெற்றோல் அவ்வளவு வரும். அழகான கணக்கு. ஆனால் தண்டைச் சுற்றித் தேய்ந்த ஓட்டையால் உள்ளே வரும் காற்று இந்தக் கணக்கில் சேராது, அது பிஸ்டனைத் தாண்டிய பிறகுதான் நுழைகிறது. ஸ்லோவில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் இந்தக் கள்ளக்காற்று பெரிய பங்கு. அதனால் கலவை மெலிந்து இருமுகிறது. நான் நட்டை இறக்கி அதற்கு ஈடாகப் பெற்றோலைக் கூட்டினால் ஸ்லோ சரியாகிவிடும். ஆனால் வேகமாக ஓடும்போது ஓட்டைக் காற்று ஒரு பொருட்டே இல்லை, கூட்டிய பெற்றோல் மட்டும் அப்படியே எரியாமல் போகும். கரிந்த பிளக்கும் எட்டுக் கிலோமீற்றரும் அங்கிருந்து வந்தவை.

எண்ணெய்ச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். காபரேற்றர் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் சூடான எஞ்சினில், சைலன்சர் பக்கம் படும்படி அடிக்க வேண்டாம். மைனரில் காபரேற்றருக்குக் கீழேயே வெப்பமெல்லாம் இருக்கிறது. ஒரு துளி எண்ணெய் போதும். காபரேற்றரும், கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் மனிபோல்டும் சேரும் விளிம்பிலும் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும், அங்கேயும் காற்று இழுக்கலாம். எனக்கு அங்கேயும் கொஞ்சம் இழுத்தது.

தண்டு ஏன் இப்படித் தேய்ந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்து மாதிரிப் போத்தலில் அளந்து விற்ற சாமான். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்ரின் ஏ-40உம் மைனரும்தான் அதற்குத் தோதான பிள்ளைகள், அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால் சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றர் வாய்க்குள் பீச்சிவிட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறும்வரை விட்டு விட்டுப் பீச்சுவோம். பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் குப்பி விளக்கு வாசம். எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி அளவுகோலில் ஒயில் ஏறிக்கொண்டே வரும். பீச்சுவதற்குத் தடையாக இருக்கிறதென்று அப்பா காற்று வடிகட்டியைக் கழற்றிப் பரணில் போட்டவர். அது ஐந்து வருடம் பரணிலேயே இருந்தது. கோண்டாவில் செம்பாட்டுத் தூசி எப்படிப்பட்டது என்று வெள்ளைச் சேட்டு போட்டவர்களுக்குத் தெரியும். அந்தத் தூசியும் எண்ணெயும் கலந்தால் நல்ல அரைக்கும் பசை. தண்டு அதில்தான் அரைபட்டிருக்கிறது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் கார்தான் அந்த வருடங்களில் அம்மாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

காபரேற்றரை முழுவதாகக் கழற்றி முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே மேசை போட்டு வேலை செய்தேன். குசினிக்குப் பக்கத்தில் வேண்டாம், பெற்றோல் ஆவி தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். கழுவுவதற்கு மண்ணெண்ணெயே போதும். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது முட்டைத் தட்டில் ஒழுங்காக வைத்தேன், குழிக்கு ஒரு சாமான். மேல் அறையை எடுக்க முன் அதிலும் உடலிலும் ஒரு கோடு கீறிவிட வேண்டும், திரும்பவும் அதே இடத்தில் இருத்த.

தண்டைப் பார்ப்போம். முதலில் கழற்றாமலே விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தே ஆடியது. லீவர் பக்கம் ஆட்டம் கூட, ஸ்பிரிங் எப்போதும் அந்தப் பக்கம் இழுப்பதால். அப்புறம் வட்டத் தகட்டைத் தண்டோடு பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்குரூ. இவை விழுந்து எஞ்சினுக்குள் போனால் கதை முடிந்தது என்பதால், கம்பனியில் ஸ்குரூவின் நுனியைப் பிளந்து விரித்து வைத்திருப்பார்கள். அந்த விரிந்த நுனியைச் சின்ன அரத்தால் தேய்த்து எடுக்காமல் திருகினால் தண்டுக்குள் இருக்கும் மரையைக் கிழித்துக்கொண்டு வரும். எனக்கு ஒன்று கிழிந்தது. எப்படியும் தண்டை மாற்றத்தான் போகிறேன் என்பதால் தப்பினேன். தகட்டின் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் வெளியே என்று அதிலும் கீறி வைக்க வேண்டும்.

கழற்றிய தண்டை வேர்னியரில் பிடித்தால் உடலுக்குள் இருந்த பகுதி நடுப்பகுதியைவிட மெலிந்திருந்தது. விரல் நகத்தை ஓட்டினாலே படி தடுக்கியது. லண்டனிலிருந்து லீவுக்கு வந்த மருமகன் சொக்கிலேற்றுப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு புதுத் தண்டும், ஜெற்றும், ஊசியும், காஸ்கெட்டுகளும் கொண்டுவந்தான். சாலிஸ்பரியில் பேர்லன் என்ற கம்பனி இன்னும் எஸ்.யு. பாகங்கள் செய்கிறது. மைனரின் உடற்பாகத் தகடுகளை ஒரு காலத்தில் நம்முடைய காலிப் பக்கத்திலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டில் இருந்துகொண்டு நான் ஒரு விரல் நீளத் தண்டுக்கு லண்டனைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுத் தண்டைப் பழைய உடலில் போட்டு ஆட்டிப் பாருங்கள். இது செலவைத் தீர்மானிக்கும் இடம். ஆட்டம் நின்றுவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது. நிற்காவிட்டால் உடலின் துளையும் தேய்ந்திருக்கிறது. எனக்குப் பாதிதான் குறைந்தது. துளை வட்டமாக இல்லாமல் வேப்பங்கொட்டை மாதிரி நீண்டிருந்தது.

இதற்கு வழி, துளையைப் பெருப்பித்து வெண்கலப் புஷ், அதாவது உள்வளையம், இருத்துவது. இங்கேதான் என் பெரிய மடைத்தனம். வீட்டில் கை டிரில் இருந்தது, வைஸ் இருந்தது, துணிவும் இருந்தது. லீவர் பக்கத் துளையை நானே பெருப்பித்தேன். டிரில் பிட் நேராகப் போகாது, ஏற்கெனவே நீண்டு தேய்ந்த பக்கமாகவே சாயும். அந்தச் சின்ன விசயம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைப் புஷ் என்று இருத்தித் தண்டைப் போட்டால், ஒரு பக்கம் போய் மறுபக்கத் துளையைச் சந்திக்காமல் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான் முழு வேலையும், அளவு அதற்குப் பிறகுதான்.

மறுபடி கடைச்சல் அண்ணை. உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை, அது இன்னும் வெட்கமாக இருந்தது. என் குழாய்த் துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, உடலை லேத்தில் கட்டி இரண்டு பக்கத்தையும் ஒரே பிடியில், ஒரு பக்கம் நுழைந்த ரீமர் என்ற துளை சீராக்கும் கருவி மறுபக்கத்தால் வெளியே வரும்படி வெட்டினார். வெண்கலக் கம்பியில் இரண்டு புஷ் கடைந்து அழுத்தி இருத்தினார். உள்முனை வாயின் சுவரோடு மட்டமாக இருக்க வேண்டும், மயிரிழை வெளியே நீட்டினாலும் வட்டத் தகடு அதில் இடித்து முழுதாக மூடாது. இருத்திய பிறகு தண்டின் அளவுக்கு ஒரு முறை ரீமரை நேராக ஓட்டினார். ஒன்றரை மணி நேரம். தண்டு துளைக்குள் தன் பாரத்திலேயே மெதுவாக இறங்கியது, விரலால் தள்ளினால் ஆட்டம் இல்லை. காசு கேட்டபோது, “அந்தக் குழாய்த் துண்டை வைச்சிரும், இன்னொருக்கா டிரில்லைத் தூக்கேக்க பாக்க” என்றார்.

வீட்டில் செய்யக்கூடியதற்கும் லேத்துக்குக் கொடுக்க வேண்டியதற்கும் நடுவில் கோடு எனக்கு இதில்தான் தெரிந்தது. அச்சு நேராக வர வேண்டியதெல்லாம் லேத்துக்கு. தட்டையாக வர வேண்டியதைக் கையால் செய்யலாம். உதாரணம், மனிபோல்டோடு சேரும் விளிம்பு. யாரோ, அது நானாகவும் இருக்கலாம், நட்டுகளை இறுக்கி இறுக்கி இரண்டு காதும் முன்னால் வளைந்திருந்தன. இரும்பு மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் நடுவில் ஒளி தெரிந்தது. பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டில் தண்ணீர் எமரித் தாளை ஒட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, எட்டுப் போடுவது போல ஒரே பாரத்தில் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் விளிம்பு முழுவதும் ஒரே சாம்பல் நிறம். கள்ளக்காற்றின் இரண்டாவது வாசல் அதோடு அடைபட்டது.

பிஸ்டனையும் அது ஓடும் மேல் அறையையும் மட்டும் எமரித் தாளோடு நெருங்கவே கூடாது. பளபளப்பாக்கலாம் என்று கை துருதுருக்கும். அவை இரண்டும் சோடியாகச் செய்தவை. நடுவில் இருக்கும் அந்த நூலிழை இடைவெளியில்தான் காபரேற்றரின் உயிர் இருக்கிறது. ஒன்றைத் தேய்த்தால் சோடியே கெட்டது, வேறு காரின் மேல் அறையை மாற்றிப் போட்டாலும் அதே கதி. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தண்டில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். பெரிய வட்டம் காய்ந்தபடியே இருக்கட்டும். சோதிக்க ஒரு வழி உண்டு. ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை அறைக்குள் விட்டு, பிஸ்டனின் அடியில் இருக்கும் துளைகளைப் பிள்ளைகளின் பிளாஸ்டிசினால் அடைத்து, பிஸ்டனின் ஓட்டத்தை மெதுவாக்கும் டாம்பரைப் பூட்டித் தலைகீழாகப் பிடித்து அறையை விழவிட வேண்டும். இந்த அளவுக் காபரேற்றருக்கு 3 முதல் 5 விநாடியில் இறங்கினால் நல்லது. எனக்கு மூன்றரை. அறுபது வயதுக்குப் போதும்.

இந்தப் பிஸ்டனுக்கு ஒரு சுவையான வரலாறு. எஸ்.யு. என்பது ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’. ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டனில் சப்பாத்து வியாபாரக் குடும்பம். 1900களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த முதல் காபரேற்றரில் இந்தப் பிஸ்டனின் இடத்தில் இருந்தது தோலால் செய்த துருத்தி! தோல் வீட்டில் கிடந்திருக்கும். தோல் வெடித்துக் கிழிந்த பிறகுதான் உலோகப் பிஸ்டனுக்கு வந்தார்கள். 1926இல் கார் கம்பனிக்காரர் வில்லியம் மொரிஸ் அந்தக் கம்பனியை வாங்கிவிட்டார்.

ஊசியும் ஜெற்றும் திருத்துகிற சாமான் இல்லை, மாற்றுகிற சாமான். என் பழைய ஊசியில் ஏ.என். என்று பொறித்திருந்தது, 1098 மைனருக்கு உரியது அதுவே. ஊசியின் ஒரு பக்கம் மட்டும் நீளத்துக்குக் கண்ணாடி போல மினுங்கியது, ஜெற்றின் சுவரில் உரசி உரசி. ஜெற்றின் துளை 0.090 அங்குலம், அதாவது 2.29 மி.மீ. அப்பாவின் மணிக்கூடு திருத்தும் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது அதுவும் முட்டை வடிவம். நடுத்தர வேகத்தில் பெற்றோல் கூடக் குடித்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஊசியைப் பூட்டும்போது அதன் தோள் பிஸ்டனின் அடிமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். உள்ளே போனாலும் வெளியே நின்றாலும் கணக்கு முழுவதும் தவறும்.

எச்.எஸ். வகையில் மிதவை அறையிலிருந்து ஜெற்றுக்கு ஒரு மெல்லிய நைலோன் குழாய் போகும். அது அறையின் அடியில் சேருமிடத்தில் ஒரு றபர் வளையம். குழாயின் நுனி வளையத்தைத் தாண்டி ஐந்து மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுத்தான் நட்டை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் சொட்டும். நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினாலும் சொட்டும்.

மிதவைக்கு அதிகம் சொல்ல இல்லை. என்னுடையது நைலோன், குலுக்கிப் பார்த்தேன், உள்ளே சத்தம் இல்லை. மூடியைக் கவிழ்த்து, பெற்றோல் உள்ளே வரும் வழியை அடைக்கும் ஊசிவால்வ் மூடிய நிலையில், மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் 3 முதல் 5 மி.மீ. வர வேண்டும். 4 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை நுழைத்து அளந்தேன், டிரில் பிட்டுக்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே நல்ல உபயோகம். பித்தளை மிதவை உள்ளவர்கள் சூடான தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம், குமிழி வரும் இடம் ஓட்டை. உள்ளே போன பெற்றோல் கடைசித் துளிவரை ஆவியாகும்வரை வெயிலில் விட்டு, பிறகு மின்சாரச் சூட்டுக்கோலால் மட்டும் ஈயம் வையுங்கள், நெருப்பைக் காட்ட வேண்டாம். ஈயத்தை அப்பினால் மிதவை கனத்துத் தாழும், பெற்றோல் மட்டம் உயரும், மறுபடி கரிப் பிளக்.

துப்பரவு பற்றி ஒரு வார்த்தை. டாம்பரின் பித்தளை மூடியை மனைவி குத்துவிளக்கு மினுக்கும் புளியோடு சேர்த்து மினுக்கித் தந்தார், தங்கம் மாதிரி வந்தது. அந்த உற்சாகத்தில் காபரேற்றர் உடலையும் புளிக்கரைசலில் ஊறப்போட நினைத்தேன். அலுமினியத்துக்குப் புளிப்பு ஆகாது. நல்லவேளை, ஒரு பழைய கரண்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

திரும்பப் பூட்டும்போது நேரம் எடுத்த இடங்கள் இரண்டு. முதலாவது வட்டத் தகடு. புது ஸ்குரூ இரண்டையும் இலேசாக மட்டும் பிடித்து, லீவரைப் பத்துத் தடவை ‘டக் டக்’ என்று மூடவிட்டேன். தகடு தானே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தில் ஒளி வளையம் இல்லை என்று பார்த்து, இறுக்கி, நுனிகளை விரித்தேன்.

இரண்டாவது, ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவருவது. இதைச் செய்யாமல் விட்டால் புது ஊசி புது ஜெற்றை உரசத் தொடங்கும், ஒரு வருடத்தில் பழைய கதை. சரிசெய்யும் நட்டைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை மட்டும் மேலே முட்டத் திருகி ஜெற்றை உச்சியில் வைக்க வேண்டும். பெரிய பூட்டு நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, மேலிருந்து பென்சிலால் பிஸ்டனை மெதுவாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்டனை உயர்த்தி விட்டால் ‘டிக்’ என்று உலோகம் உலோகத்தில் விழும் சத்தம் வர வேண்டும். ஜெற்றைக் கீழே இறக்கி வைத்தும் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. கீழே இறக்கும்போது மட்டும் சத்தம் கூர்மையாக வந்தால் ஊசி இன்னும் உரசுகிறது. எனக்கு ஆறாவது தடவையில் வந்தது. ஐந்தாவதில் வந்துவிட்டது என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன். சின்ன மகள், “அப்பா, அது டிக் இல்லை, டொக்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, ஜெற்றை மேல்மட்டத்திலிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு முகம், இறக்கி வைத்தேன். டாம்பருக்குள் 20ஆம் நம்பர் ஒயில், உள்குழாயின் வாயிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கும்படி. இந்த ஒயில் உராய்வுக்காக இல்லை. அக்சிலறேற்றரைத் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் பாய்ந்து ஏறாமல் பிடித்து, ஒரு கணம் பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பதற்காக. ஒயில் வற்றிய காரில் மிதித்தவுடன் ஒரு விக்கல் வருமே, அது இதனால்தான்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ரியூனிங். உடலின் பக்கத்தில் இருக்கும் சின்ன முளையால் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட. உடனே விழுந்து நின்றுவிட்டால் பெற்றோல் குறைவு. ஒரு நொடி ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. அந்தப் பன்னிரண்டு முகத்திலிருந்து நான் ஒரே ஒரு முகம்தான் திருப்ப வேண்டியிருந்தது. இதற்கு முன் நான் இறக்கி வைத்திருந்த இடம் எத்தனை முகம் என்று கழற்றும்போது எண்ணியிருந்தேன்: இருபத்தொன்று.

இப்போது லீற்றருக்குப் பன்னிரண்டரை கிடைக்கிறது. பிளக் வறுத்த கோப்பிக்கொட்டைப் பொடியின் மங்கல் நிறம். கொக்குவில் சந்தியில் நின்றால் எஞ்சின் ஓடுகிறதா என்று சார்ஜ் லைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கடைச்சல் அண்ணையை ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு கீரிமலைவரை போய்வந்தோம். அவர் வழி முழுவதும் காபரேற்றரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது மட்டும், “பின் அச்சில ஒரு உளறல் கேக்குது, கவனிச்சீரோ?” என்றார்.

மாதத்துக்கு ஒரு முறை புஷ்களுக்கு ஒரு துளி எண்ணெய் விடுகிறேன். உறிஞ்சுவதில்லை, துளி அப்படியே நின்று ஓரமாய் வழிகிறது. மனைவி தன் மெசினுக்குப் புது எண்ணெய்ப் போத்தல் வாங்கிவிட்டார். பழையது இப்போது என் முட்டைத் தட்டில், அந்தப் பித்தளைக் குழாய்த் துண்டுக்குப் பக்கத்துக் குழியில் இருக்கிறது.